கிழக்கே ஓடும் நீர், தெற்கே ஓடும் சாலை: நெய்வேலி வட்டாரத்தில் சாலை விரிவாக்கமும் புயல்காலப் பாதுகாப்பும்

முன்னுரை

வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் நின்று பார்த்தால் கடலூர் மாவட்டத்தின் சாலை அமைப்பு ஒரே பார்வையில் விளங்கும். வடக்கே போனால் பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் சென்னை. தெற்கே சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர். கிழக்கே குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூரும் கடலும். மேற்கே மந்தாரக்குப்பம், விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம். வடக்கு–தெற்குச் சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை 36. பழைய எண் 45சி. கிழக்கு–மேற்குச் சாலை தேசிய நெடுஞ்சாலை 532. இவ்விரண்டும் சந்திக்கும் மூலையை ஒட்டியே நெய்வேலி நகரியம் அமைந்திருக்கிறது.

கடலோர மாவட்டத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தும்போது போக்குவரத்து வேகம், அன்றாட உயிர்ப் பாதுகாப்பு, புயல்காலப் பயன் ஆகிய மூன்றும் எவ்வாறு கருதப்பட்டு வந்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இவ்வட்டாரத்தின் ஆறுகளும் ஓடைகளும் கிழக்கு நோக்கி ஓடுகின்றன; பெரிய சாலைத் திட்டங்களோ அவற்றின் குறுக்கே தெற்கு நோக்கிப் போடப்படுகின்றன. ஆகவே இங்கே சாலையின் தரத்தை முதலில் நீர்வழியைக் கொண்டும் பிறகே அகலத்தைக் கொண்டும் அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நிலக்கரி கொண்டுவந்த சாலைகள்

1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார் கண்ட கருநிறப் பொருளே நெய்வேலியின் தொடக்கம். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் ஒத்துழைப்புடன் அனல் மின் உற்பத்தி தொடங்கியது. பழைய நெய்வேலியும் சுற்றியிருந்த சிற்றூர்கள் பலவும் இடம்பெயர, வட்டம் வட்டமாகத் திட்டமிட்ட நகரியம் எழுந்தது. அகன்ற நேர்ச்சாலைகள், இருமருங்கும் மரங்கள், மழைநீர் வடிகால்கள் எனத் தமிழ்நாட்டில் அன்று அரிதாக இருந்த ஒழுங்கு அதற்கு வாய்த்தது.

அந்த ஒழுங்கு நகரியத்தின் ஆர்ச் கேட்டோடு நின்றது. வாயிலுக்கு வெளியே ஓடிய கும்பகோணம் சாலை, அதாவது இன்றைய நெடுஞ்சாலை 36, மாட்டுவண்டிக் காலத்துத் தடத்தின் மேல் தார் போட்டு வளர்ந்த சாலை. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களும், அனல் மின் நிலையச் சாம்பல் ஏற்றிய லாரிகளும், சென்னைக்கு விரையும் இரவுப் பேருந்துகளும் அந்த ஒரே தடத்தில் நெருக்கின. 2004இல் வீராணம் ஏரி நீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் பெருங்குழாயும் சேத்தியாத்தோப்பிலிருந்து இச்சாலையை ஒட்டியே வடக்கே சென்றது. இவ்வாறு ஊர், ஆலை, தலைநகரம் மூன்றின் தேவையும் ஒரே சாலையோரத்தில் வந்து குவிந்தன.

புயல்கள் கற்பித்தவை

கடலூர் மாவட்டத்துக்கு 57.5 கி.மீ. கடற்கரை உண்டு. 2000 நவம்பர் 29 அன்று கடலூர் அருகே ஒரு புயல் கரையைக் கடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலான மீனவ ஊர்களைத் தாக்கியது. ஆழிப்பேரலையின் சேதம் கரையோரப் பட்டையோடு நின்றதால் உள்நாட்டுச் சாலைகள் நிவாரணத்துக்குத் திறந்திருந்தன. நெய்வேலி போன்ற உள்நாட்டு நகரங்கள் கடலோரத்தின் முதுகெலும்பு என்பது அப்போது புலனாயிற்று.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் வந்த ‘தானே’ புயல் அந்த நம்பிக்கையை உலுக்கியது. மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. வேகக் காற்றோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையேறியது. தமிழகத்திலும் புதுவையிலும் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காற்று கரையோடு நிற்கவில்லை. பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை கண்ட முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. நெய்வேலி நகரியத்தின் நிழற்சாலைகள் பல, கிளைகளும் தண்டுகளும் குவிந்து தடமே தெரியாமல் போயின. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. நாட்டுக்கே மின்சாரம் தரும் ஊரைச் சுற்றியிருந்த கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

சாலையோரப் புளிய மரத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் மரங்கள் சாய்ந்ததன் காரணத்தில் ஒரு பகுதி விளங்கும். தண்டில் வெள்ளை, கறுப்புப் பட்டை. அதன் மேல் நெடுஞ்சாலைத் துறை எழுதிய எண். ஒரு பக்கம் தார்ச்சாலை வேரை மூடியிருக்கும். மறுபக்கம் கேபிளுக்கும் குழாய்க்கும் வடிகாலுக்கும் தோண்டிய பள்ளம் பக்கவேரை அறுத்திருக்கும். ஆழவேர் கொண்ட மரம்தான். ஆனால் இருபுறமும் பிடிமானம் இழந்த மரம் காற்றுக்குத் தாங்காது. அப்படிச் சாய்ந்த ஒரே மரம் ஆம்புலன்ஸையும் மின்வாரிய லாரியையும் மணிக்கணக்கில் நிறுத்திவிடும். மரத்தை வெட்டிவிடுவது இதற்குத் தீர்வாகாது. சாலையின் ஓரத்தைப் பலமுறை தோண்டும் வழக்கத்தை ஒழுங்குபடுத்துவதும், மரத்துக்கு உரிய இடத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குவதுமே தீர்வு.

குறுக்கே நிற்கும் சாலையும் வெள்ளமும்

2015 நவம்பர் 9, 10 தேதிகளில் நெய்வேலியில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் அடித்துச் சென்றது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் பரவனாறு கரை புரண்டு வயல்களையும் குடியிருப்புகளையும் மூழ்கடித்தது. பரவனாறு நெய்வேலிப் பகுதியிலிருந்து பெருமாள் ஏரி வழியாகக் கடலை நோக்கிப் போவது. சுரங்கத்தின் நீரும் இதில்தான் சேர்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு, நீர்வழியை மாற்றுவது இம்மண்ணில் எவ்வளவு நுண்மையான காரியம் என்பதைக் காட்டியது.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய அனைத்தும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. வடக்கு–தெற்காகப் போகும் சாலை இவை ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டு போகிறது. நான்குவழியாக்கும்போது சாலையின் மண்கரை உயர்கிறது, அகல்கிறது. பழைய சிறுபாலத்தை அதே கண்ணளவில் நீட்டினால் மட்டும் போதாது. கரையின் உயரத்துக்கும் பெருமழையின் அளவுக்கும் ஏற்பக் கண்களைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் சாலை அணையாக மாறுகிறது. மேற்குப் பக்க ஊர் மூழ்குகிறது. நீர் ஏறி ஒரு கட்டத்தில் சாலையையே அறுக்கிறது.

இதற்கு அண்மைச் சான்று 2024ஆம் ஆண்டின் ‘ஃபெஞ்சல்’ புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அப்புயலில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட, விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையே நீரில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. அவ்வளவு அகலமான சாலையும் அன்று யாருக்கும் பயன்படவில்லை.

அகலத்தின் அன்றாட விலை

விக்கிரவாண்டி முதல் தஞ்சாவூர் வரை ஏறத்தாழ 165 கி.மீ. சாலையை மூன்று பகுதிகளாக நான்குவழியாக்கும் பணியில், நெய்வேலி அடங்கிய விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்புப் பகுதி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பாதி வெட்டிய கரை, திடீர் மாற்றுப்பாதை, மழைநீர் தேங்கிய பள்ளம் ஆகியவற்றுக்கிடையே மக்கள் பயணம் செய்தனர். முடிக்கப்படாத விரிவாக்கம் பழைய குறுகிய சாலையைவிட ஆபத்தானது. அது புயல் மாதங்களான அக்டோபர், நவம்பர், டிசம்பருக்குள் நீளும்போது ஆபத்து இரட்டிக்கிறது.

ஷிப்ட் மாறும் வேளையில் ஆர்ச் கேட் அருகே நின்றால் இன்னொன்றும் தெரியும். டிபன் பாக்ஸை ஹேண்டில்பாரில் மாட்டிய சைக்கிள்களும், இருவர் மூவராக மோட்டார் சைக்கிள்களும் சுற்றுப்புறக் கிராமங்களை நோக்கிச் சாலையைக் கடக்கின்றன. தைப்பூசத்துக்கு வடலூர் சத்திய ஞான சபையை நோக்கி மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருவதும் இதே சாலைகளில்தான். நடுத்தடுப்பு நேர்மோதலைத் தடுக்கும். ஆனால் கடக்கும் இடம் வெகுதொலைவில் இருந்தால் மக்கள் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவர். சர்வீஸ் சாலையும் சுரங்கப்பாதையும் இல்லாத அகலம், தொலைவிலிருந்து வருபவருக்கு வேகத்தைத் தந்து, ஊர்க்காரரிடம் அதற்கான விலையை வாங்குகிறது.

வெளியேறுதலின் இரு முறைகள்

அன்றாடப் பயனிலிருந்து புயல்காலப் பயனுக்கு வருவோம். அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுத்தொடரில் வெளியேறும் முதன்மை வழி ஒரே நெடுஞ்சாலை. அங்கே ஒவ்வொரு விரிவாக்க விவாதத்திலும் ‘சூறாவளிக்கு முன் எத்தனை மணி நேரத்தில் தீவுகளைக் காலி செய்யலாம்’ என்ற கணக்கு நடுவில் நிற்கும். கார் வைத்திருக்கும் மக்கள் தாமே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச்செல்வது அம்முறை. 2005இல் ‘ரீட்டா’ சூறாவளிக்கு அஞ்சி ஹூஸ்டன் நகர மக்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டபோது நெடுஞ்சாலைகள் உறைந்தன. முதியோரை ஏற்றிச்சென்ற ஒரு பேருந்து தீப்பற்றி 23 பேர் மாண்டனர்.

நம் கடலோரத்தின் முறை வேறு. இங்கே மக்கள் தம் ஊரிலேயே உள்ள பள்ளிக்கோ, கல்யாண மண்டபத்துக்கோ, பல்நோக்குப் பேரிடர் மையத்துக்கோ போகின்றனர். 2020 நவம்பரில் ‘நிவர்’ புயலுக்கு முன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். அதே வேளையில் கடலூர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் பேருந்துப் போக்குவரத்தை அரசு முன்கூட்டியே நிறுத்தியது. புயலுக்கு முன் சாலையைக் காலியாக்கி, புயலுக்குப் பின் அதே சாலையில் உணவு, மருந்து, மின்கம்பம், மரம் அறுக்கும் வாள் ஆகியவற்றை அனுப்புவது நம் வழி. ஆகையால் இங்கே சாலையின் புயல்காலக் கடமை, காற்று ஓய்ந்த முதல் சில மணி நேரத்தில் திறந்திருப்பதே. அந்த உதவி மேற்கிலிருந்து கிழக்கே வருவது. ஆனால் மாவட்டத்தின் நான்குவழித் திட்டங்களான விக்கிரவாண்டி–தஞ்சாவூர், விழுப்புரம்–நாகப்பட்டினம் இரண்டும் வடக்கு–தெற்கானவை.

முடிவுரை

இந்த வரலாறு நான்கு முடிவுகளைத் தருகிறது. ஒன்று, விருத்தாசலம்–நெய்வேலி–வடலூர்–கடலூர்ச் சாலையைப் புயல்காலத் தடமாக அறிவித்து, அதன் பாலங்களையும் மரங்களையும் மின்கம்பங்களையும் ஒவ்வோராண்டும் செப்டம்பருக்குள் ஆய்வு செய்ய வேண்டும். இரண்டு, நெடுஞ்சாலை 36இன் ஒவ்வொரு சிறுபாலத்தையும் 2015ஆம் ஆண்டு மழையளவை வைத்து மறுகணக்கிட வேண்டும். மூன்று, சுரங்கத்தின் வடிநீர்த் திட்டமும் சாலையின் நீர்வழித் திட்டமும் ஒரே வரைபடத்தில் வர வேண்டும். நான்கு, பருவமழைக்கு முன் முடியாத வேலைப் பகுதிகளைப் பாதுகாப்பாக மூடி ஒப்படைப்பது ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வேண்டும்.

தானே புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் நெய்வேலியில் இன்று நிழல் தருகின்றன. அவற்றின் வேருக்கு இடமும், பரவனாற்றின் நீருக்கு வழியும் விட்டுப் போடப்படும் சாலையே இம்மாவட்டத்துக்குப் பாதுகாப்பான சாலை.