உறவுக்கு உரிய இடம்: பொருள்நோக்குத் தரவுத்தள வரலாற்றில் ஒரு பின்னடைவு

பீட்டர் சென் 1976இல் வெளியிட்ட உருபொருள்-உறவு மாதிரியில் உறவுக்கும் பண்புகள் உண்டு. ஊழியர் ஒரு திட்டத்திற்கு ஒதுக்கும் நேர விழுக்காடு ஊழியருக்கோ திட்டத்திற்கோ உரியதன்று. அவ்விரண்டையும் இணைக்கும் உறவுக்கே உரியது என்பது அவர் தந்த சான்று. பொருள்நோக்கு மொழிகளோ உறவைச் சுட்டிகளாக்கிப் பொருள்களுக்குள் புதைத்தன. இதனை மறுத்த ஜேம்ஸ் ரம்பா, உறவு தனியொரு மொழிக்கூறாக அமைய வேண்டும் என 1987இல் வாதிட்டார்.

1993இல் வெளிவந்த ஓடிஎம்ஜி தரநிலை அவ்வாதத்தைப் பாதியளவே ஏற்றது. உறவையும் அதன் எதிருறவையும் அறிவித்துவிட்டால், ஒருமுனை மாறும்போது மறுமுனையைத் தரவுத்தளமே திருத்திக்கொள்ளும். இது சிறிய பயனன்று. ஆனால் உறவு இருமுனை கொண்டதாக மட்டுமே இருந்தது. தனி அடையாளமோ பண்போ அதற்கு இல்லை. நேர விழுக்காட்டைப் பதிய விரும்பியவர் 'பணி ஒதுக்கீடு' என்னும் வகுப்பைத் தாமே படைக்க நேர்ந்தது. இத்தகைய வகுப்புகள் பெருகுமிடத்து, முனைகள், எண்ணிக்கை வரம்பு முதலிய பொதுக்கூறுகளை 'உறவு' என்னும் அருவ வகுப்பில் ஒருமுறை வரையறுத்து, ஏனையவற்றை அதன் வழித்தோன்றல்களாக்குவதே முறையான வழி. தரநிலை செய்யாது விட்ட பணி நிரலர்மேல் விழுந்தது என்றே இதனைக் கொள்ளவேண்டும். ரம்பாவும் பங்கேற்று உருவாக்கி 1997இல் தரநிலையான யுஎம்எல், பண்புடைய உறவுக்குத் தனி வகுப்பு வடிவம் தந்தது. ஓடிஎம்ஜியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலோ உறவு இருமுனையாகவே நீடித்தது; மறு ஆண்டே அக்குழுவும் கலைந்தது.