செல்ஃப் எடுக்கல

சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் தமிழர்கள் பலருக்குக் காலை விடிவது லாரியின் பின்தட்டில்தான். பத்தடி லாரி, பதினாலடி லாரி என்று தட்டின் நீளமே வண்டிக்குப் பெயர். சின்னதைப் பிக்கப் என்பார்கள். பெரும்பாலும் டீசல். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால் நம்மாட்கள் சொல்வது இரண்டே சொல்: "செல்ஃப் எடுக்கல." செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதில் பின்பாதி உதிர்ந்து மிஞ்சியது அந்தச் செல்ஃப். வண்டி தன்னைத்தானே கிளப்பிக்கொள்ளும் என்பது ஒருகாலத்தில் பெரிய அதிசயம். அதன் வரலாற்றைத் தேடிப் போனபோது பேட்டரியோடு வேறொரு கேள்வியும் வந்து சேர்ந்துகொண்டது.

லிட்டில் இந்தியாவில் நின்று தொடங்கலாம். மோட்டார் வருவதற்கு முன் இந்த வட்டாரம் மாடுகளின் இடம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இரண்டும் எருமையைத்தான் சொல்கின்றன. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். நகரின் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவமனைக்கும் அந்தப் பெயர்தான். பெலிலியோஸ் என்ற மாட்டு வணிகரின் பெயரில் இன்றும் ஒரு சந்து இருக்கிறது. இந்த மாடுகள் பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டுமல்ல, வண்டி இழுக்கவும்தான். சைனா டவுனின் கிரேத்தா ஆயர் என்ற பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். மாட்டுவண்டியில் தண்ணீர் ஊர்ந்து வந்த காலத்தின் மிச்சம் அது.

டீசல் எஞ்சினுக்கும் இந்தப் பக்கத்து மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. மலாய்த் தீபகற்பத்திலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் மக்கள் 'கோபெக் ஆப்பி' என்ற சிறு கருவியால் நெருப்பு உண்டாக்கினார்கள். மூங்கில், கொம்பு அல்லது மரத்தால் ஆன குழல். அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு, நுனியில் கொஞ்சம் பஞ்சு. தண்டை ஓங்கித் தட்டினால் உள்ளே காற்று நசுங்கிச் சூடேறிப் பஞ்சு கனலும். தீப்பொறி வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். டீசல் எஞ்சின் செய்வதும் இதையேதான். இதைப் போன்ற கருவி ஒன்றைப் பார்த்துத்தான் ருடால்ஃப் டீசலுக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியோ, அவருடைய எஞ்சின் 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒழுங்காக ஓடிக் காட்டியது. டீசல் லாரிகள் 1923, 1924 வாக்கில் வந்தன.

காற்றை நசுக்குவதில்தான் சிக்கலும் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக நசுக்கும் என்றால், டீசல் பதினாறு, இருபதில் ஒரு பங்காக நசுக்கும். அவ்வளவு எதிர்ப்பை மீறி எஞ்சினை முதல் சுற்றுச் சுற்றவைக்க யாராவது பலம் கொடுத்தாக வேண்டும்.

ஆரம்பகால பெட்ரோல் கார்களில் அந்தப் பலம் மனிதக் கை. வண்டியின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். நேரம் தவறிப் பற்றிக்கொண்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் மின் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912ன் கேடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு வந்தது. அதற்குத் தேவையான பேட்டரி ஐம்பது வருடத்துக்கு முன்பே தயாராக இருந்தது. ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரியை பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கியது 1859ல். இன்று தேக்காவில் நிற்கும் லாரியில் இருப்பதும் அடிப்படையில் அதே சாதனம்தான்.

ஓட்டுநரின் கை முறியக்கூடாது என்ற அக்கறை முதலில் கேடிலாக்கில் வந்தது தற்செயல் அல்ல. அது வசதியானவர்களின் வண்டி. அடிபடக்கூடியவரும் பணம் கொடுத்து வாங்குபவரும் பல நேரம் ஒரே ஆள், அல்லது ஒரே வீட்டு ஆள்.

டீசல் வண்டிக்குப் பேட்டரி பெரிதாக இருப்பது அந்த முதல் சுற்றுக்காகத்தான். அமெரிக்கப் பெரிய டீசல் பிக்கப்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை இணையாகக் கட்டியிருப்பார்கள். வோல்ட் ஏறாது, மின்னோட்டம் இரட்டிக்கும். கனரக லாரிகளில் இரண்டைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் எடுப்பார்கள். எதுவானாலும் ஒன்று செத்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது பட்டறைப் பாடம். பழையது புதியதை இழுத்துக் கீழே தள்ளிவிடும்.

பேட்டரிக்குக் குளிர்தான் எதிரி என்று படித்திருப்போம். குளிரில் அது திணறுவது உண்மை. ஆனால் அதன் ஆயுளைத் தின்பது வெயில். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. சிங்கப்பூரில் இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே "நல்ல பேட்டரிப்பா" என்பார்கள்.

வெயிலைவிட மோசமானது சும்மா நிற்பது. 2020 ஏப்ரல் 5 முதல் தொழிலாளர் விடுதிகள் ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு முழுக்க முடக்கம். நான் அப்போது ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வண்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர்கள் விடுதிக்குள், வண்டிகள் யார்டில். கடிகாரமும் அலாரமும் சொட்டுச் சொட்டாக உறிஞ்ச, 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 12க்குக் கீழே போய்விடும். காலியாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. வேலை திரும்பத் தொடங்கியபோது எங்கள் ஆறு லாரிகளில் நான்கு கிளம்பவில்லை. புது பேட்டரிக்கான ஒப்புதல் அன்றைக்கே வந்தது. அத்தனை சீக்கிரம் ஒரு ஒப்புதலை அங்கே அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மாற்றியவர் சிவகங்கைப் பக்கத்து அண்ணன் ஒருவர். "தம்பி, மொதல்ல நெகட்டிவ கழட்டணும். பாசிட்டிவ்ல ஸ்பேனர் வச்சிருக்கறப்போ பாடில பட்டுச்சுன்னா பொறி பறக்கும். மாட்டறப்போ நெகட்டிவ் கடைசி." டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவினார். நாலு வண்டியும் ஒரே மதியத்தில் உறுமின. அவர் விடுதியில் இருந்த இரண்டு மாதத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அந்த வருடம் டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவிகிதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது.

பேட்டரியோடு வந்து சேர்ந்த கேள்வி இதுதான்: பின்தட்டின் வரலாறு ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது? சிங்கப்பூரில் காரின் பின்இருக்கையில் உட்காருபவர்களுக்கு சீட்பெல்ட் 1993லேயே கட்டாயம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி பொதுவாகத் தடை, ஆனால் வேலைக்காகத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்ல விலக்கு உண்டு. 2010ல் ஒரு ஆளுக்கான தட்டு இடம் 4 சதுர அடியிலிருந்து 8 ஆனது. கூரையும் உயரமான பக்கக் கம்பியும் அந்தக் காலகட்டத்தில்தான் கட்டாயமாகின. 2021 ஏப்ரலில் பிஐஇ நெடுஞ்சாலையில், தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி நின்றிருந்த டிப்பர் மீது மோதி ஓர் இந்தியரும் ஒரு வங்கதேசத்தவரும் இறந்தார்கள். 2023 ஜூலையில் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தபின் பல குடிமக்கள் அமைப்புகள் இந்த முறையை நிறுத்தக் கேட்டன. செலவு கூடும், வேலை தாமதமாகும் என்று வர்த்தகச் சங்கங்கள் பதில் சொன்னன. முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அரசின் நிலை. மழைத்திரையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வந்திருக்கின்றன. பின்தட்டில் பெல்ட் இன்னும் இல்லை.

முதலாளிகள் எல்லாம் கொடியவர்கள் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. பேட்டரி செத்தால் வண்டி நிற்கும், வேலை நிற்கும், நஷ்டம் அன்றைக்கே கணக்கில் தெரியும். பின்தட்டில் பெல்ட் இல்லாவிட்டால் வண்டி வழக்கம்போல ஓடும். அதில் உட்காருபவர் வண்டியை வாங்குபவரும் அல்ல, இங்கே வாக்களிப்பவரும் அல்ல. கேடிலாக்கில் ஒன்றாக இருந்த இரண்டு ஆட்கள் லாரியில் தனித்தனி. இந்த இடைவெளியைச் சந்தை நிரப்பாது, சட்டம்தான் நிரப்ப வேண்டும். கூரையும் கம்பியும் வந்தது அப்படித்தான்.

டீசலின் காலமும் இங்கே முடிவை நோக்கிப் போகிறது. 2017ல் லிட்டருக்கு 10 காசு என்று தொடங்கிய டீசல் வரி 2019ல் 20 காசானது. 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வதில்லை. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய்மையான ஆற்றலில் ஓட வேண்டும் என்பது இலக்கு. அப்போது பேட்டரி எஞ்சினை எழுப்பும் துணைக்கருவியாக இருக்காது, வண்டியே அதுவாகத்தான் இருக்கும். சரக்கு லாரிக்கு இங்கே அதிகபட்ச ஆயுள் 20 வருடம். ஆகவே இன்று ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை அதற்குள் கழிக்கப்பட்டுவிடும். புது லாரிகளுக்கு விதி எழுதும்போது எத்தனை கிலோவாட் என்று கேட்கப்போகிறார்கள், கேட்கட்டும். ஆளை ஏற்றுகிற வண்டியில் எத்தனை இருக்கை என்பதையும் அதே காகிதத்தில் எழுத அதைவிட வசதியான சந்தர்ப்பம் வாய்க்காது.