அலகின் விலையும் ஒளியின் பெறுமதியும்: வன்னியிற் சிற்றளவு மின்னாக்கம்

வன்னிப் பெருநிலப்பரப்பில் அக்கராயன்குளத்தை அண்மித்துள்ள ஸ்கந்தபுரம் ஒரு வேளாண் குடியேற்றமாகும். 1996 இல் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானபோது இடம்பெயர்ந்தோர் இப்பகுதியிற் பெருந்தொகையாக வந்து சேர, சந்தையும் கடைகளும் அவர்களைத் தொடர்ந்தன. ஆயினும் 1990 இல் வன்னிக்கான மின்வழங்கல் அற்றுப்போயிருந்தமையால், இவ்வூர் இருளிலேயே வளர்ந்தது. சிற்றளவு மின்னாக்கத்தின் செலவை மதிப்பிட முனைவோர் இத்தகைய சூழலைக் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.

பொருளாதாரத் தடையினால் அக்காலத்தில் மண்ணெண்ணெய் அரிதாயிற்று. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. மக்கள் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அதன் வலு ஏறத்தாழ 3 வாற்று. ஓர் அலகு மின்சாரம், அதாவது 1,000 வாற்று மணி, பெறுவதற்கு 333 மணி நேரம் மிதித்தல் வேண்டும். அலகுக் கணக்கில் இதனிலும் விலையுயர்ந்த மின்சாரம் இல்லை. எனினும் நாட்டு நடப்பை அறிய அச்சிறு வலுவே போதுமாயிற்று.

காற்றுவலு முயற்சி இலங்கைக்குப் புதியதன்று. 1977 இல் நெதர்லாந்தின் உதவியுடன் நீர்வள சபை தொடங்கிய திட்டத்தில், சிறு விவசாயிகளுக்கென 3 மீற்றர் விட்டமுடைய சுழலி கொண்ட காற்றாலை நீரிறைப்பி உருவாக்கப்பட்டது. காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் வலு எட்டுமடங்காகும். அத்தகைய சுழலியை ஊடறுக்கும் காற்றில், செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 270 வாற்று வலுவும், 8 மீற்றர் வேகத்தில் 2,160 வாற்று வலுவும் உள்ளன. நீராக வெளிவருவது இதில் ஒரு சிறு பங்கே. சோளகக் காற்று வீசுங் காலத்திலேயே சிறுபோகப் பயிர் நீரை வேண்டி நிற்பது வன்னிக்குச் சாதகமானதே. ஆயினும் விரும்பிய வேளையில் இறைத்துத்தரும் மண்ணெண்ணெய் இயந்திரத்துடன் காற்றாலையாற் போட்டியிட இயலவில்லை. மேலும், ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பம் கோபுரத்தைச் சுமந்து செல்லுதல் எங்ஙனம்?

சூரியத் தகடோ மிதிவண்டியில் ஏற்றத்தக்கது. சுழலும் உறுப்புகள் அற்றது. அதன் விலையும் வீழ்ந்தது. 2019 ஆம் ஆண்டுப் பெறுமதியில், 1976 இல் ஒரு வாற்றுக்கு நூறு அமெரிக்க டொலரைக் கடந்திருந்த தகட்டின் விலை, 2019 இல் நாற்பது சதத்திலுங் குறைந்தது. உலக வங்கியின் ஆதரவுடன் 2002 முதல் 2011 வரை நடைபெற்ற திட்டத்தின்கீழ் இலங்கையின் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் கடன்வழிச் சூரிய மின்சாரம் பெற்றன. 50 வாற்றுத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 வாற்று மணி தரும். ஓர் அலகு சேர ஐந்து நாள்களாகும். சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டிய பற்றரியின் செலவையுஞ் சேர்த்தால், அதன் அலகு விலை மின்வலையின் விலையிலும் பன்மடங்காகும். ஆனால் மின்வலை எட்டாத வீட்டில் ஒப்பிடவேண்டியது மின்வலையை அன்று, மண்ணெண்ணெய் விளக்கையே. மங்கலான திரியொளிக்கும் பிள்ளைகள் படிக்கத்தக்க ஒளிக்கும் இடையிலான வேறுபாட்டை அலகுக் கணக்கு காட்டுவதில்லை.

போரின் பின் மின்வலை மீண்டும் கிளிநொச்சியை எட்டியது. 2014 இல் பளைப் பகுதியில் தலா 10 மெகாவாற்று கொண்ட இரு காற்றாலைத் தொகுதிகள் இயங்கத் தொடங்கின. 2016 இல் அறிவிக்கப்பட்ட அரச திட்டமொன்று, கூரைச் சூரிய மின்சாரத்தின் அலகொன்றுக்கு முதல் ஏழாண்டுகள் 22 ரூபாவும் அதன்பின் 15.50 ரூபாவும் வழங்க முன்வந்தது. முன்னர் இருளை அகற்றிய தகடு, இப்போது வருவாய் தரும் பொருளுமாயிற்று. ஆற்றலின் விலையை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த இல்லாமையை நிரப்புகின்றது என்பதும் தீர்மானிக்கின்றது. வன்னியின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது எனலாம்.