ஜீப் வண்டியும் வீட்டுப் பட்டறையும்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் நாட்டுக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர் எவரும் ஜீப் வண்டியின் உறுமலை மறந்திருக்க மாட்டார். கலெக்டர் வந்தால் அதில்தான் வருவார். அம்மை குத்துவோரும், தேர்தலுக்கு வாக்குக் கேட்போரும் அதில்தான் வருவார்கள். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம், கிராம மக்களின் மனத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் ஒரு வண்டியாகவே முதலில் பதிந்தது. இவ்வாறு சர்க்காரின் அடையாளமாக விளங்கிய வண்டி, ஏலத்தில் விடப்பட்டு, தனி மனிதர் ஒருவரின் வீட்டு முற்றத்தை அடைந்து, அங்கே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, வேறு உருவில் மீண்டும் பூட்டப்பட்டு, மலையும் மணலும் ஏறப் புறப்பட்ட வரலாறு தனியே சொல்லத்தக்கது. அரியானாவிலும் பஞ்சாபிலும், வங்கத்து மலைகளிலும், கேரளத்து ஏலத் தோட்டங்களிலும் வாழும் தமிழன்பர்கள் அவ்வரலாற்றின் ஏதேனும் ஒரு பகுதியைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள்.

ஜீப் பிறந்த விதமே ஓர் ஒட்டுவேலைதான். 1940-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லக்கூடிய ஓர் இலேசான வண்டி வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. முதல் மாதிரி வண்டி 49 நாட்களுக்குள் வந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. விடை எழுதியவை இரண்டே கம்பெனிகள். அவற்றுள், அந்தக் கெடுவை ஏற்றுக்கொண்டது பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரிலிருந்த பாண்டம் என்னும் சிறு கம்பெனி. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளர் இரண்டு நாட்களில் வரைபடங்களைத் தீட்டினார். புதிய உறுப்புக்களை வார்த்தெடுக்க நேரம் ஏது? ஆகவே இருசை ஸ்டூடிபேக்கர் காரை ஒட்டி அமைத்துக்கொண்டார்கள். இஞ்சினைக் காண்டினென்டல் கம்பெனியிடமிருந்தும், கியர்ப் பெட்டியை வார்னர் கம்பெனியிடமிருந்தும் வாங்கினார்கள். செப்டம்பர் 23-ஆம் தேதி மாலை, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கையில், வண்டி மேரிலாந்திலிருந்த இராணுவ முகாமுக்குள் நுழைந்தது.

அந்தச் சிறு கம்பெனிக்குக் கிடைத்த கைம்மாறு சொற்பமே. அதன் வரைபடங்கள் வில்லிஸ், போர்டு ஆகிய பெருங்கம்பெனிகளின் கைக்கு மாறின. 60 குதிரைத்திறன் கொண்ட வில்லிஸ் இஞ்சினே சிறந்ததென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. போர்க் காலத்தில் அவ்விரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தளித்தன. பாண்டம் கம்பெனியோ ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் பாரவண்டிகளைச் செய்து காலம் தள்ள வேண்டியதாயிற்று. ஆயினும் அந்த அவசரத்தால் உலகுக்கு ஒரு நன்மை விளைந்தது. கடையில் கிடைக்கும் உறுப்புக்களைக் கொண்டு கட்டப்பட்ட வண்டியை, கடையில் கிடைக்கும் வேறு உறுப்புக்களைக் கொண்டு மாற்றியும் கட்டலாம் அல்லவா? பின்னாளில் நம் ஊர்ப் பட்டறைகளில் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது என்பது என் கருத்து.

போர்முனையிலேயே அந்த வித்து முளைவிட்டது. 1944-இல் பர்மாவில் இரயில் இஞ்சின்கள் அழிந்துபோன பாதைகளில், ஜீப்பின் ரப்பர்ச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரயில் சக்கரங்களைப் பூட்டி, சரக்குப் பெட்டிகளை இழுக்க வைத்தார்கள். போர் ஓய்ந்தபின் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள், அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, வண்ணம் தீட்டி, மணிலா நகரத்தின் பொது வாகனமாகவே ஆக்கிக்கொண்டனர். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியியலாளர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்ஸி தீவிலிருந்த தம் பண்ணையில் பழைய இராணுவ ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்துவிட்டால் மாற்றாக எதை வாங்குவது என்ற கவலையில் பிறந்ததே லாண்ட் ரோவர். 1947-இல் செய்த அதன் முதல் மாதிரி, ஜீப்பின் சேஸியின் மீதே கட்டப்பட்டது. அக்காலத்தில் எஃகுக்குப் பங்கீடு இருந்தமையால் உடற்பகுதியை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். வறுமையால் நேர்ந்த இந்தச் செயல், துருப்பிடிக்காத மேனி என்ற வரமாக முடிந்தது. இந்த வண்டியை நாம் இமயமலைச் சாரலில் மீண்டும் சந்திப்போம்.

நம் நாட்டுக்கு ஜீப் வந்தது கிழக்கு வாயில் வழியாக. அஸ்ஸாமிலுள்ள லேடோவிலிருந்து பர்மாவின் காடுகளை ஊடுருவிச் சீனத்துக்குச் செல்லும் பாதையை அமெரிக்கப் பொறியாளர்களும், பல இனத்துத் தொழிலாளர்களும் அமைத்தனர். 1945-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி லேடோவிலிருந்து கிளம்பிய முதல் வண்டித் தொடர், பிப்ரவரி 4-ஆம் தேதி சீனத்துக் குன்மிங் நகரை அடைந்தது. சில மாதங்களில் போர் முடிந்தது. எஞ்சிய தளவாடங்கள் விலைக்கு விடப்பட்டன. 'டிஸ்போசல்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் அந்நாளில் வடக்கிலும் தெற்கிலும் பாமரர் நாவிலும் புழங்கியது. அந்தச் சரக்கில் கம்பளிச் சட்டை வாங்கியவர் உண்டு. ஜீப் வாங்கியவரும் உண்டு.

1945-ஆம் ஆண்டு அக்டோபரில் லூதியானாவில் மகீந்திரா சகோதரர்களும் குலாம் முகமது என்பவரும் கூடி ஒரு கம்பெனியை நிறுவினர். நாடு பிரிந்தபோது குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, 1951-இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். கம்பெனியின் பெயர் 1948-இல் மகீந்திரா அண்டு மகீந்திரா என்று மாறியது. அது வில்லிஸ் ஜீப்பின் உறுப்புக்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கி, நாளடைவில் இங்கேயே செய்யலாயிற்று. உயர்ந்த மூக்குடைய சி.ஜே.3பி என்ற வகை, அமெரிக்காவில் 1968-இல் நின்ற பிறகும் நம் நாட்டில் நெடுங்காலம் தொடர்ந்தது. ஆகவேதான் இங்கே பழைய ஜீப்புக்கு உறுப்புக் கிடைக்காமல் போனதேயில்லை. தில்லியில் மாயாபுரி, கல்கத்தாவில் மல்லிக் பஜார், மும்பையில் குர்லா, பெங்களூரில் சிவாஜி நகர், சென்னையில் புதுப்பேட்டை என்று ஒவ்வொரு பெருநகரிலும் அதற்கென ஒரு தெரு உண்டு.

வீட்டு முற்றத்தில் ஜீப்பைக் கட்ட முடிவது ஏன்? அதன் அமைப்பே காரணம். இன்றைய கார்களில் உடலும் எலும்புக்கூடும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. ஒன்றை வெட்டினால் மற்றது தளர்ந்துவிடும். ஜீப்பிலோ ஏணியைப் போன்ற சேஸி தனி. மேலே வைக்கும் தகட்டுத் தொட்டி தனி. சில போல்ட்டுகளைக் கழற்றி, நான்கு ஆட்கள் பிடித்தால் தொட்டியைத் தூக்கித் திண்ணையோரம் சாய்த்து வைத்துவிடலாம். பிறகு இஞ்சின், கியர்ப் பெட்டி, முன் இருசுக்கும் பின் இருசுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் துணைக் கியர்ப் பெட்டி, வில்பட்டைகள் யாவும் ஏட்டில் எழுதியதுபோல் வரிசையாகக் கண்ணுக்குப் புலப்படும்.

இந்தக் கலையை ஓர் ஊர்த் தொழிலாகவே வளர்த்த பெருமை அரியானா மாநிலம் சிர்சா மாவட்டத்திலுள்ள மண்டி டப்வாலிக்கு உரியது. ஒரு காலை வைத்தால் பஞ்சாப், மறு காலை வைத்தால் அரியானா என்னும்படி எல்லையில் அமைந்த சந்தையூர் அது. இராணுவம் கழித்து ஏலம் விடும் ஜீப்புகளையும், ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் 1969 முதல் செய்யப்பட்ட ஜோங்கா வண்டிகளையும் வாங்கிவந்து, அங்குள்ள மிஸ்திரிகள் புத்துருக் கொடுக்கின்றனர். வேண்டிய நீளத்துக்குத் தொட்டியைத் தகட்டில் புதிதாகவே மடக்கித் தருகின்றனர். வேளாண்மையில் செழித்த பஞ்சாபி இளைஞருக்கு அகன்ற டயரும் திறந்த மேனியும் கொண்ட ஜீப் கல்யாணச் சீரைப் போன்ற ஒரு கௌரவம். தென்னாட்டுத் தோட்டக்காரர்களும் அவ்வூருக்கு ஆள் அனுப்பி வண்டி செய்துகொண்டதுண்டு.

இந்த வேலையில் மிகக் கடினமானது, பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சினை வைப்பது. ஜோங்காவின் இஞ்சின் ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் பெட்ரோல் தாகம் எந்தக் குடும்பத்தையும் அசைத்துவிடும். ஆகவே டீசலை நாடினர். ஆனால் புதிய இஞ்சின் பழைய கியர்ப் பெட்டியோடு தானாகப் பொருந்தாது. இடையே ஓர் இணைப்புத் தகட்டைக் கடைந்து வைக்க வேண்டும். அதன் நடுத்துளை மயிரிழை விலகினாலும் கிளட்சும் தாங்கிகளும் விரைவில் தேய்ந்துபோகும். டீசல் இஞ்சின் கனமானது. முன் வில்பட்டைகளில் ஓர் இலை கூட்டாவிட்டால் வண்டி மூக்குக் குத்தி நிற்கும். இவை அனைத்தும் சரியாக அமைந்த பின்னரும் மற்றொரு சிக்கல் உண்டு. சி.ஜே.3பி ஜீப்பின் இருசில் பல்விகிதம் 5.38, அதாவது மேல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற இஞ்சின் ஐந்து முறைக்கு மேல் சுற்ற வேண்டும். டீசல் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், பழைய அளவு டயரில் வண்டி ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தைத்தான் எட்டும். மலையேற இது வரம், நெடுஞ்சாலையில் சாபம். பெரிய டயர் மாட்டினால் வேகம் கூடும் என்பது மெய்தான். ஆனால் ஸ்டீயரிங் கனக்கும். வண்டி உயர்ந்து நிற்பதால் வளைவில் சாயும். சிறிய டயருக்கென்று அமைத்த பிரேக்கு பெரிய டயரை நிறுத்தத் திணறும். இஞ்சினுக்குப் பணம் செலவழிப்பவர் பலர். பிரேக்குக்குச் செலவழிப்பவர் சிலரே. ஒரு மிஸ்திரியின் தரத்தை அறிய விரும்புவோர், அவர் முதலில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்தாலே போதும்.

இனி இமயத்துக்கு வருவோம். டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சன் என்ற சிற்றூரிலிருந்து, 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை செல்கிறது. வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்டையும் அங்கே ஒருங்கே காணலாம். பாறைக் கற்கள் பரவிய அப்பாதையில் தலைமுறை தலைமுறையாக ஓடியவை, தேயிலைத் தோட்ட வெள்ளையர் காலத்து லாண்ட் ரோவர்கள். 1950-களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட அவ்வண்டிகளுக்கு உறுப்புக்கள் கிடைப்பது அரிதானபோது, மலைவாசிகள் கைகட்டி நிற்கவில்லை. பலவற்றில் மகீந்திராவின் டீசல் இஞ்சினைப் பொருத்தினர். உடைந்ததைத் தாமே பற்றவைத்தனர். ஜீப்பிலிருந்து பிறந்த லாண்ட் ரோவர், இறுதியில் ஜீப்பின் இஞ்சினாலேயே உயிர் பிழைத்தது! அண்மை ஆண்டுகளில் பாதையின் பெரும்பகுதி காரைச் சாலையாகிவிட்டது. புதிய வண்டிகள் பழையவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. ஓட்டுநர் குடும்பங்களுக்கு அது பிழைப்பு; பயணிகளுக்கு அது வேடிக்கை. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

தெற்கே, போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய கணவாய்களின் வழியே தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன்னர் ஜீப்பேறி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அந்த ஜீப்பும் மாற்றிக் கட்டப்பட்டதாக இருக்கலாம். பின்புறம் நீட்டி, பலகைகள் கூட்டி, உரிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றும்படி செய்திருக்கலாம். பொழுதுபோக்குக்காக வண்டி கட்டுபவர் தம் உயிரை மட்டுமே பணயம் வைக்கிறார். இங்கே பணயமாவது கூலிக்காரப் பெண்களின் உயிர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வயநாட்டில் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஜீப் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் மாண்டனர். அந்த வண்டியில் என்ன பிழை இருந்தது என்று தீர்ப்பளிக்க நான் முன்வரவில்லை. ஆனால் மலைச்சரிவில் பிரேக்கும் பாரமும் எத்துணை நெருங்கிய உறவினர் என்பதை அச்செய்தி நாடறியச் சொன்னது.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்வது நலம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது; வண்டியைச் செய்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி சொந்தக்காரர் அதை மாற்றலாகாது என்று அது விதித்தது. வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கான சாதனம் பொருத்துதல், உடல் ஊனமுற்றோரின் வசதிக்காக அமைத்தல் போன்ற சில விலக்குகள் மட்டும் அளிக்கப்பட்டன. கேரள உயர்நீதிமன்றம் இதற்கு நெகிழ்ச்சியாகப் பொருள் கூறியிருந்தது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, கம்பெனியின் விவரக்குறிப்புக்கு முரணான மாற்றம் கூடாது என்று தீர்த்தது. மிஸ்திரிகளுக்கு இது பெரும் இடி. அவர்கள் மனக்குறை எனக்கு விளங்குகிறது. நாற்பது ஆண்டு ஓடிய வண்டிக்குக் கம்பெனி எங்கே, விவரக்குறிப்பு எங்கே என்று அவர்கள் கேட்பதில் நியாயமில்லாமல் இல்லை. எனினும் ஏலத்தோட்டத்து ஜீப்பை நினைக்கும்போது சட்டத்தின் அச்சமும் விளங்குகிறது. பட்டறை வேலையைச் சோதித்துச் சான்று வழங்கும் எளிய முறையொன்று இருந்தால் இரு தரப்பாரும் தெளிவடைவர்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். டப்வாலியில் ஆசையோடு வாங்கிய ஜீப் அப்போதுதான் அதிகாரியின் பார்வைக்கு வரும். பதிவுப் புத்தகத்தில் பெட்ரோல் என்றிருந்து, உள்ளே டீசல் உறுமினால் பேச்சு நீளும். இராணுவ ஏலத்து வண்டியாயின், பாதுகாப்புத் துறை அதிகாரி வழங்கிய 21-ஆம் எண் படிவம் என்னும் விற்பனைச் சான்றின் மூலப்பிரதி இருக்க வேண்டும். அனுபவசாலிகள் வர்ணத்தையும் டயரையும் பிற்பாடுதான் பார்ப்பார்கள். முதலில் குனிந்து, சேஸியில் எண் பொறித்த இடத்திலுள்ள புழுதியைக் கைத்துண்டால் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இலக்கமாகப் படிவத்தோடு ஒப்பிட்டுப் படிப்பார்கள்.