அளவறிந்து கட்டிய பொதி

1873-இல் மெல்பர்ன் துறைமுகத்திலிருந்து லண்டனை நோக்கி ‘நார்ஃபோக்’ என்ற கப்பல் கிளம்பியது. உள்ளே 20 டன் உறையவைத்த இறைச்சி. அனுப்பியவர் ஜேம்ஸ் ஹாரிசன். ஸ்காட்லாந்தில் பிறந்து, 1837-இல் சிட்னிக்கு வந்து, பிறகு மெல்பர்னுக்குப் பக்கத்தில் உள்ள ஜீலாங்கில் பத்திரிகை நடத்திய அச்சுக்காரர். அச்செழுத்துகளை ஈதர் ஊற்றிக் கழுவும்போது உலோகம் சில்லிட்டுப்போவதைக் கவனித்தவர், அதிலிருந்தே பனிக்கட்டி இயந்திரத்துக்கு வழி கண்டார் என்பார்கள். 1850-களிலேயே பார்வன் ஆற்றங்கரையில் அவருடைய இயந்திரம் பனிக்கட்டி தந்துகொண்டிருந்தது. உறைநிலையில் வைத்த இறைச்சி மாதக்கணக்கில் கெடாது என்று 1873 மெல்பர்ன் கண்காட்சியில் நிரூபித்துத் தங்கப் பதக்கமும் வாங்கியிருந்தார்.

ஆனால் கப்பலில் இயந்திரத்தை ஏற்றாமல் பனிக்கட்டி அடைத்த குளிரறையை நம்பினார். எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பனி கரைந்தது. லண்டனில் இறக்கியபோது இறைச்சி வாயில் வைக்கும் நிலையில் இல்லை. உறைந்த இறைச்சி மீது மக்கள் வைக்கத் தொடங்கியிருந்த நம்பிக்கையும் அதோடு உடைந்தது.

ஆஸ்திரேலிய உணவுத்துறையின் வரலாற்றை இந்தத் தோல்வியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஹாரிசனுக்குக் குளிர்விக்கத் தெரியும், பொதியவும் தெரியும். நடுக்கடலில் அறையின் வெப்பம் என்ன, பனி எந்த வேகத்தில் குறைகிறது என்று பார்த்து அதற்கேற்பக் குளிரைக் கூட்டும் வழிதான் அவரிடம் இல்லை. அடுத்த நூற்றைம்பது ஆண்டுக் கதையைப் புரட்டினால் இதே பாடம் வேறு வேறு வடிவில் திரும்பி வருகிறது. பண்டத்தின் தரம் உறையால் மட்டும் நின்றதில்லை. உள்ளே நடப்பதை அளக்கக் கற்றுக்கொண்ட பிறகே ஒவ்வொரு புதிய உறையும் பயன் தந்திருக்கிறது.

சிட்னியில் தாமஸ் சட்கிளிஃப் மோர்ட் என்ற வணிகர், பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் நிக்கோலைத் துணைக்கு வைத்துக்கொண்டு டார்லிங் துறைமுகத்தில் உறைவிப்பு ஆலை நடத்தினார். 1876-இல் ‘நார்தம்’ கப்பலில் இறைச்சி அனுப்ப அவர் செய்த ஏற்பாடு இயந்திரக் கோளாறால் நின்றுபோனது. 1878-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ‘ஸ்ட்ராத்லெவன்’ கப்பல் சிட்னியிலிருந்து புறப்பட்டு, டிசம்பரில் மெல்பர்னிலும் சரக்கேற்றிக்கொண்டு, 1880 பிப்ரவரி 2 அன்று லண்டன் சேர்ந்தது. சுமார் 40 டன் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் கெடாமல் வந்திருந்தன. இம்முறை குளிர்விக்கும் இயந்திரம் கப்பலிலேயே இருந்தது. வெப்பம் ஏறினால் இறக்குவதற்கு வழி இருந்தது என்பதே நார்ஃபோக்குக்கும் ஸ்ட்ராத்லெவனுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு.

அடுத்த சிக்கல் தூரம். அர்ஜென்டினாவிலிருந்து மூன்று வாரத்தில் பிரிட்டன் போய்விடலாம் என்பதால், அந்நாட்டு வணிகர்கள் இறைச்சியை உறையவைக்காமல் குளிரூட்டி மட்டுமே அனுப்பினார்கள். உறைந்து உருகிய இறைச்சியைவிட அதற்கு விலை அதிகம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆறு வாரத்துக்கு மேலாகும். மைனஸ் 1.4 டிகிரியில் குளிரூட்டிய இறைச்சி ஒரு மாதம் போல்தான் தாங்கும். அதற்குள் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் பெருகி வழவழப்புத் தட்டிவிடும்.

இதைத் தீர்க்க முனைந்தவர்கள், 1926-இல் அமைந்த அரசு அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் உணவுப் பாதுகாப்புப் பிரிவினர். இம்மன்றமே பின்னாளில் சிஎஸ்ஐஆர்ஓ என்று பெயர் மாறியது. கேம்பிரிட்ஜில் பயின்ற ஜே. ஆர். விக்கரி பிரிவின் தலைவர். டபிள்யூ. ஜே. ஸ்காட் நுண்ணுயிரியல் ஆய்வாளர். பிரிஸ்பேனில் இறைச்சிக் கூடத்தை ஒட்டியிருந்த ஆய்வகத்தில், மாட்டுத்தசையின் மேல்பரப்பில் ஈரம் எவ்வளவு இருந்தால் எந்த வேகத்தில் நுண்ணுயிர் வளர்கிறது என்று ஸ்காட் எண்ணிப் பார்த்தார். பிரிட்டனிலும் இதே காலத்தில் இணையான ஆய்வுகள் நடந்தன. காற்றில் பத்து விழுக்காடு கரியமில வாயு இருந்தால் அந்த வளர்ச்சி வெகுவாகக் குறைகிறது என்பது உறுதியானது. அளவு இருபதைத் தாண்டினால் இறைச்சி கருத்துவிடும். ஆகவே நடுவில் ஒரு குறுகிய இடைவெளியில்தான் நிற்க வேண்டும். கப்பல் அறைகளை வாயு கசியாதபடி கட்டினார்கள். 1938-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து போன குளிரூட்டிய மாட்டிறைச்சியில் 26 விழுக்காடு இப்படிக் கரியமில வாயுவில் பயணம் செய்தது. இன்று பேரங்காடித் தட்டுகளில் காணும் ‘வாயு மாற்றிய பொதி’யின் மூதாதை, கப்பலளவு பெரிய அந்தப் பொதிதான்.

அதே 1938-இல் சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில், மாநில இறைச்சிக் கூட வளாகத்தில் பிரிவின் தலைமை ஆய்வகம் எழுந்தது. இன்றைய சிட்னித் தமிழருக்கு ஹோம்புஷ் என்றால் மளிகைக் கடைகள் நினைவுக்கு வரும். பொன்னி அரிசி மூட்டையும் உறைந்த மீனும் மிளகாய்த்தூளும் வாங்கப் போகும் அந்த வட்டாரத்தில்தான், உணவைப் பொதிவது பற்றிய இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான கருத்துகளில் ஒன்று முதிர்ந்தது என்பது நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. இறைச்சிக் கூடம் இருந்த இடம் பிற்பாடு 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பூங்காவுக்குள் அடங்கிவிட்டது.

அந்தக் கருத்து நீர்ச்செயல்பாடு. ஒரு பண்டம் கெடுமா கெடாதா என்பதை அதில் எத்தனை விழுக்காடு ஈரம் இருக்கிறது என்பதை வைத்தே அதுவரை மதிப்பிட்டு வந்தார்கள். அந்தக் கணக்கு பல இடங்களில் பொய்த்தது. தேனில் ஏறத்தாழ 18 விழுக்காடு நீர் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அதே 18 விழுக்காடு ஈரத்தோடு கோதுமையை மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துவிடும். தேனில் சர்க்கரை நீரைப் பிடித்து வைத்திருப்பதால் நுண்ணுயிருக்கு அந்த நீர் எட்டுவதில்லை. கருவாட்டில் உப்பு செய்வதும் இதே வேலைதான். எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நீர் கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே கேள்வி. தூய நீருக்கு 1, முற்றிலும் உலர்ந்ததற்கு 0 என்ற அளவுகோலில் தேன் 0.6 அருகே நிற்கிறது.

ஸ்காட் 1953-இல் ஆஸ்திரேலிய அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை, உணவை நஞ்சாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைப் பற்றியது. உலர்ந்த இறைச்சி, பால், சூப் என்று உணவு மாறினாலும் கிருமியின் வளர்ச்சியைத் தீர்மானித்தது நீர்ச்செயல்பாடே; 0.86-க்குக் கீழே அது வளரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து 1957-இல் அவர் எழுதிய விரிவான கட்டுரை உலகெங்கும் பாடமானது. டப்பாவில் அடைத்த உணவுகளுக்கான அமெரிக்க விதிகள் இன்றும் 0.85 என்ற எல்லைக்கோட்டைப் பயன்படுத்துகின்றன.

வீட்டிலேயே இதற்குச் சான்று கிடைக்கும். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை மழை நாளில் திறந்த தட்டில் வைத்தால் மாலைக்குள் நமுத்துப்போகும். அதே முறுக்கு எவர்சில்வர் தூக்கில் இறுக மூடியிருந்தால் மொறுமொறுப்பு நிற்கும். சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டாலோ சில வாரம் தாங்கி, பிறகு மெல்ல நமுக்கும். ஏனென்றால் பிளாஸ்டிக் வழியாக நீராவி சிறிது சிறிதாக உள்ளே போகிறது. முறுக்கின் நீர்ச்செயல்பாடும் வெளிக்காற்றின் ஈரப்பதமும் உறை எவ்வளவு நீராவியை விடும் என்பதும் தெரிந்துவிட்டால், எத்தனை நாள் மொறுமொறுப்பு நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். இன்றைய ஆலைகளில் நீர்ச்செயல்பாட்டை அளக்கும் கருவி சிறியது. சின்னக் கிண்ணத்தில் பண்டத்தை வைத்து மூடுவார்கள். உள்ளே ஒரு நுண்ணிய கண்ணாடி குளிர்ந்துகொண்டே வரும். அதில் முதல் பனித்துளி படியும் வெப்பநிலையை ஒளி உணரி பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் எண் திரையில் தெரியும்.

1961-இல் ஆய்வகம் ஹோம்புஷிலிருந்து வட ரைடுக்கு இடம் மாறியது. அடுத்த பத்தாண்டுகளில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பிடித்தவற்றுள் ஒன்று வாழைப்பழம். இறைச்சியைப் போலன்றி, பறித்த பிறகும் மூச்சுவிடும் பண்டம் அது. பச்சைக் காயைப் பாலிதீன் பையில் போட்டு மூடினால், காய் தானே உயிர்வாயுவைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டிக்கொள்கிறது; பழுப்பது தள்ளிப்போகிறது. ஆனால் காய் எத்திலீன் என்ற வாயுவையும் விடுகிறது. தமிழ்நாட்டில் வாழைத்தாருக்கு மூட்டம் போடும்போது புகையில் இருந்து வேலை செய்வது அதே எத்திலீன்தான். மூடிய பையில் அது சேர்ந்தால் பழம் விரைந்து பழுத்துவிடும். நியூ சௌத் வேல்ஸ் வேளாண் துறையைச் சேர்ந்த கே. ஜே. ஸ்காட் (இவர் வேறொரு ஸ்காட்), சிஎஸ்ஐஆர்ஓவின் மக்கிளாசன் முதலியோர் 1970-இல் ஒரு வழி சொன்னார்கள்: பைக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சேர்த்து வைத்தால் அது எத்திலீனை உறிஞ்சிக்கொள்ளும். ஊதா நிறத்தில் இருக்கும் பெர்மாங்கனேட் தன் வேலை முடிய முடியப் பழுப்பாக மாறுகிறது. இன்னும் சக்தி மிச்சம் இருக்கிறதா என்பதை அதன் நிறமே காட்டிவிடும். பொதியும் உணரியும் ஒன்றாகக் கூடிய எளிய, அழகான எடுத்துக்காட்டு இது.

அடுத்த சிக்கல் உயிர்வாயு. எண்ணெயைக் காறவைப்பதும் பழச்சாற்றை மங்கச் செய்வதும் அதுவே. அதை உறிஞ்சும் பிளாஸ்டிக் படலம் செய்தால் என்ன என்று வட ரைடில் மைக்கேல் ரூனி 1970-களிலிருந்து முயன்றார். அப்படிப்பட்ட படலம் ஆலையிலிருந்து கடைக்குப் போகும் வழியிலேயே காற்றை உறிஞ்சித் தீர்ந்துவிடும் என்பது இடர். ரூனி கண்ட விடை, உறங்கும் படலம்: உணவை நிரப்பும் தறுவாயில் புற ஊதா ஒளி பட்டதும் மட்டும் அது விழிக்கும். சவுத்கார்ப் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களில் இது ‘ஜீரோ2’ என்ற பெயரில் வளர்க்கப்பட்டது. 1995-இல் ரூனி தொகுத்த செயல்திறன் உணவுப்பொதி பற்றிய நூல் இத்துறையின் ஆரம்ப நூல்களில் ஒன்று.

திராட்சை மதுவிலும் இதே உயிர்வாயுப் போராட்டம் நடந்தது. தென் ஆஸ்திரேலியாவின் தாமஸ் அங்கோவ் 1965-இல் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையை வைத்தார். பையைத் திறந்து மூட வழி சரியில்லை. ஹாரிசனின் அதே ஜீலாங்கைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்பஸ் 1967-இல் காற்றை உள்ளே விடாத குழாயைப் பொருத்தினார். பெட்டி நிலைத்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பொதி நம் கண்ணை ஏமாற்றவும் வல்லது. வெற்றிடப் பொதியில் உள்ள மாட்டிறைச்சி கருஞ்சிவப்பாகத் தெரியும். கெட்டுவிட்டதோ என்று வாடிக்கையாளர் தயங்குவார். உறையைப் பிரித்து அரை மணி நேரம் காற்றாட விட்டால் பளிச்சென்று சிவக்கும். ஆகவே பேரங்காடிகளுக்கு 80 விழுக்காடு உயிர்வாயு நிரப்பிய தட்டுகள் வந்தன. நிறம் நாட்கணக்கில் நிற்கிறது. ஆனால் அந்த உயிர்வாயு புரதத்தையும் கொழுப்பையும் தாக்குவதால் இறைச்சி கடினமாகிறது, சுவை குன்றுகிறது. பார்வைக்குக் குறைந்த வெற்றிடப் பொதியோ, மைனஸ் 0.5 டிகிரி மாறாமல் காக்கப்பட்டால் ஆறு மாதம் வரை இறைச்சியை நல்ல நிலையில் வைத்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டில் எது தரம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கண்ணை மட்டும் நம்பி வாங்கும் பழக்கம் நல்ல பொதியைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலிய இறைச்சித் தர மதிப்பீட்டு முறை இதைப் புரிந்துகொண்டு, நிறத்தோடு நிற்காமல், உடலத்தில் முனை செருகிப் பிஎச் அளவையும் வெப்பத்தையும் அளந்து, ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் உண்டு தந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டு ஒவ்வொரு துண்டையும் தரம் பிரிக்கிறது.

மாம்பழத்தில் அளவீடு தோட்டத்துக்கே போய்விட்டது. டார்வின் பக்கத்து மாம்பழம் லாரியில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து சிட்னியின் ஃபிளெமிங்டன் சந்தைக்கோ மெல்பர்னின் எப்பிங் சந்தைக்கோ வருகிறது. முதிராமல் பறித்த காய் எந்தப் பெட்டியில் வைத்தாலும் இனிக்காது. குயின்ஸ்லாந்தில் மத்திய குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கெர்ரி வால்ஷ் குழு பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த கைக்கருவி, மரத்தில் தொங்கும் காயின்மேல் அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியைப் பாய்ச்சி, காயை அறுக்காமலே அதன் உலர்பொருள் அளவைச் சொல்கிறது. பழுத்தபின் எவ்வளவு இனிக்கும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். வழியில் பெட்டிக்குள் வெப்பப்பதிவுக் கருவி. மிகவும் குளிர்ந்துவிட்டால் மாம்பழத்தின் தோல் கருத்து, பழுக்காமலே போகும்.

நூற்றைம்பது ஆண்டுகளில் அளவீடு கப்பலிலிருந்து தோட்டம் வரை வந்துவிட்டது. வீட்டுக் குளிர்பெட்டிக்கு மட்டும் இன்னும் வரவில்லை. எளிதில் கெடும் உணவைக் கையாளும் ஒவ்வொரு ஆஸ்திரேலியக் கடையும், ஒரு டிகிரிக்கு மேல் பிழையில்லாத வெப்பமானி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். குளிரில் வைக்கும் அந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உறையில் அச்சிட்ட தேதியும் இந்தக் குளிரை நம்பித்தான் போடப்படுகிறது. வீட்டுக் குளிர்பெட்டி 9 டிகிரியில் இருந்தால் அந்தத் தேதிக்குப் பொருளில்லை. ஆகவே சிட்னியிலோ மெல்பர்னிலோ சென்னையிலோ இதை வாசிப்பவர்கள், ஒரு சிறிய வெப்பமானியை வாங்கி, பால் வைக்கும் தட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் எண்ணைப் பாருங்கள். 5-க்கு மேல் காட்டினால் குளிரை ஒரு படி கூட்டுங்கள்.