பூ பார்க்கப் போன கூட்டம்

ஜப்பான் மொழியில் 'ஹனா' என்றால் பூ, 'மி' என்றால் பார்ப்பது. ஹனாமி, அதாவது பூ பார்த்தல். நம்ம காணும் பொங்கலில் வரும் 'காணும்' மாதிரியேதான்! மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் சகுரா (செர்ரி) பூத்திருக்கும் அந்த ஒரு வாரம், பத்து நாள் டோக்கியோ பூங்காக்களில் உட்கார இடம் கிடைக்காது. மரத்தடியில் நீல ஷீட்டை விரித்து, கட்டுச்சோற்றுப் பெட்டியைத் திறந்து, நண்பர்களோடு பொழுது சாயும்வரை அரட்டை. ஆபீஸ் கூட்டம் என்றால் காலையிலேயே போய் இடம் பிடிக்கும் வேலை புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழும். (ஜூனியர் நிலைமை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.)

ஆனால் மரத்தடியில் இப்படி உட்காருவது அங்கே எல்லோருக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை.

8-ம் நூற்றாண்டில் அரண்மனைக்காரர்கள் அதிகம் பாடியது சகுராவைக்கூட அல்ல, சீனாவிலிருந்து வந்த உமே பூவை. 812-ல் சாகா என்ற பேரரசர் கியோட்டோவில் சகுரா விருந்து வைத்தார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல சகுராவுக்கு மவுசு. பூ மாறியதே தவிர, பார்க்கிற ஆள் மாறவில்லை. 1598-ல் ஹிடேயோஷி செய்ததுதான் உச்சம். டைகோ கோயிலில் சுமார் 700 மரங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டு, 1300 பேரை அழைத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாவம், அதே வருடம் மனிதர் செத்தும் போனார்.

சரி, நகரத்துக் கூலிக்காரன், கடைப்பையன் எல்லாம் எங்கே போனார்கள்?

எடோவில் (இன்றைய டோக்கியோ) பூ பார்க்கப் பேர்போன இடம் உவேனோ. ஆனால் அது ஷோகன் குடும்பத்துக் கோயில் இருந்த மலை. குடி, பாட்டு, கூத்து எதுவும் கூடாது. இருட்டினால் வெளியே போ! எட்டாவது ஷோகன் யோஷிமுனே இதற்கு ஒரு வழி செய்தார். 1720 வாக்கில் நகரத்துக்கு வடக்கே அசுகாயாமா என்ற சின்னக் குன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சகுரா மரங்களை நடவைத்தார். 1737-ல் குன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்கே குடிக்கலாம், பாடலாம், வேஷம்கூட போடலாம். பக்கத்திலேயே டீக்கடைகள் வேறு.

இதில் வேடிக்கை, யோஷிமுனே பெயர் வாங்கியது சிக்கனத்துக்கு. கஜானா காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில் பதவிக்கு வந்து, ஆடம்பரம் கூடாது என்று உத்தரவு மேல் உத்தரவு போட்டவர். அப்படிப்பட்டவர் செலவு செய்து மரம் நட்டிருக்கிறார்! காமர்ஸ் கண்ணால் பார்த்தால் இது செலவுக் கணக்கில் வராது, முதலீடு. 1873-ல் ஜப்பான் அரசு முதன்முதலாக அறிவித்த ஐந்து பொதுப் பூங்காக்களில் அசுகாயாமாவும் ஒன்று. உவேனோவும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டது.

நம்ம பக்கத்தில் இதற்கு இணை சொல்ல வேண்டுமானால் தாம்பரம் தாண்டி இருக்கும் வண்டலூர்தான். சென்னை மிருகக்காட்சி சாலை 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் மியூசியத்தில் ஆரம்பித்தது. பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், அங்கேயும் இடம் போதாமல் வண்டலூர் காட்டுக்கு வந்தது. 1979-ல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24-ல் திறந்தார்கள். அன்று அது பெரும்பாலும் புதர்க்காடு. இன்று நிழல் தரும் மரங்களில் பலவும் பிறகு நட்டு வளர்த்தவை. இங்கேயும் நகரத்து ஓரம்தான், இங்கேயும் கட்டுச்சோறுதான். காணும் பொங்கலன்று புளிசாதத் தூக்கோடு வந்து இறங்கும் குடும்பங்களை எண்ணி முடியாது. ஒரே வித்தியாசம், வண்டலூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

பூ நம்மிடமும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்குவதற்கு சகுரா ஒன்றும் பெரிதல்ல. கேரளாக்காரர்கள் அதை விஷுக்கணியில் வைக்கிறார்கள். இங்கே அதைப் பார்ப்பதற்கென்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. சித்திரை வெயிலில் யார் போய் உட்காருவது? ஜப்பானில் பூக்கும்போது குளிர் விடுகிறது, இங்கே பூக்கும்போது அக்னி நட்சத்திரம் வந்து நிற்கிறது.