ஒரு ரசீது காப்பாற்றிய கால்வாய்

ஒரு கால்வாயை மூட மண் அள்ளிப் போட வேண்டும் என்ற அவசியமில்லை. அதில் படகே ஓடவில்லை என்று காகிதத்தில் நிரூபித்துவிட்டால் போதும். 1958-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கால்வாய்க்கு அந்த நிலைதான் வந்தது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குச் செல்லும் கால்வாய் அது. கடைசியில் அதைப் பிழைக்க வைத்தவர்கள் சரக்கு ஏற்றும் கம்பெனிக்காரர்கள் இல்லை. பொழுதுபோக்குக்காகவும் வசிப்பதற்காகவும் படகு ஓட்டிய சாதாரண மனிதர்கள்தான். அது எப்படி என்று பார்க்க, முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நிலக்கரிக்காக வெட்டிய பாதை

1761-இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தன் வோர்ஸ்லி சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார். மண் சாலையில் குதிரை வண்டி இழுப்பதைவிடப் பல மடங்கு சுமையை அதே குதிரை தண்ணீரில் இழுத்தது. மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. லாபம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா? 1790-களில் கால்வாய்க் கம்பெனிப் பங்குகளை வாங்கப் பெரும் போட்டியே நடந்தது.

மேடு பள்ளங்களைக் கடக்க 'லாக்' என்ற அமைப்பைக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி அது. படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டு போவார்கள். நடு இங்கிலாந்தில் பல லாக்குகளின் அகலம் சுமார் 7 அடிதான். அகலம் குறைந்தால் கட்டும் செலவும் குறையும், ஒவ்வொரு முறையும் வீணாகும் தண்ணீரும் குறையும். அதற்குள் நுழைய வேண்டும் என்பதால் படகுகளும் ஏறக்குறைய 7 அடி அகலம், 70 அடி நீளம் என்ற விசித்திரமான வடிவத்தில் வந்தன. இவைதான் 'நேரோ போட்'.

பிறகு ரயில் வந்தது. சரக்குக் கட்டணம் விழுந்தது. படகோட்டிகளின் வருமானம் குறைய, பலர் கரையில் இருந்த வீட்டை விட்டுவிட்டு மனைவி மக்களோடு படகின் பின்பக்க அறையிலேயே குடியேறினார்கள். வீட்டு வாடகையும் மிச்சம், வேலைக்காரனுக்குக் கொடுக்கும் கூலியும் மிச்சம். சுமார் 10 அடி நீளமே உள்ள ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. அந்த நெரிசலையும் குழந்தைகளின் நிலையையும் பார்த்துத்தான் 1877-இல் கால்வாய்ப் படகுகளுக்கென்றே பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயும் இதற்கு விலக்கில்லை. பர்மிங்ஹாம் அருகிலிருந்து 25 மைல் நீளத்துக்கு வெட்டப்பட்டு 1816-இல் முழுமை பெற்ற அது, 1856-இல் ஒரு ரயில்வே கம்பெனியின் கைக்குப் போனது. போட்டியாளரையே சொந்தமாக்கிக்கொண்ட பிறகு அதற்குச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? 1930-களில் அதன் தெற்குப் பகுதியில் படகுகளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

ஒரு தம்பதியும் ஒரு மரப்படகும்

1939 ஜூலையில் எல்.டி.சி. ரோல்ட் என்ற இன்ஜினியர் தன் புது மனைவி ஏஞ்சலாவுடன் பான்பரி என்ற ஊரிலிருந்து படகில் கிளம்பினார். படகின் பெயர் 'கிரெஸ்ஸி'. ஒரு காலத்தில் குதிரை இழுத்த பழைய சரக்குப் படகு அது. அதில் ஒரு ஃபோர்டு கார் இன்ஜின் ஓடியது. சரக்கு வைத்த இடத்தில் அறைகள் கட்டி, குளிக்கும் தொட்டி வரை வைத்து, அதையே வீடாக்கிக்கொண்டார் ரோல்ட்.

அந்தப் பயணத்தை அவர் 'நேரோ போட்' என்ற புத்தகமாக எழுதினார். 1944-இல் வெளியான அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்பவர் அவரைத் தேடி வந்தார். இருவரும் சேர்ந்து முன்னின்று 1946-இல் இன்லேண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கைவிடப்படும் கால்வாய்களைக் காப்பாற்றுவதே நோக்கம். ஆனால் கூட்டம் போட்டுப் பேசினால் மட்டும் கால்வாய் பிழைத்துவிடுமா?

ரோல்ட் வேறு வழியைப் பிடித்தார். ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் வடக்குப் பகுதியில், லிஃபர்ட் லேன் என்ற இடத்தில், தூக்கித் திறக்க வேண்டிய பாலம் ஒன்று பழுதாகி, திறக்க முடியாதபடி தாழ்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. பாலத்துக்குச் சொந்தக்காரர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. விஷயம் பிரபுக்கள் சபை வரை போனது. முன்கூட்டியே தகவல் கொடுத்தால் படகு போக வழி செய்யப்படும் என்று பதில் வந்தது. யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொன்ன பதில்தான் அது! ரோல்ட் உடனே எழுத்துமூலம் தகவல் கொடுத்தார். 1947 மே 20 அன்று ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கிப் பிடிக்க, கிரெஸ்ஸி அதன் அடியில் நுழைந்து போனது.

ஒரு தனி மனிதரின் படகுக்காக ஒரு ரயில்வே கம்பெனி பாலத்தைத் தூக்கியது. அந்தக் கால்வாயில் செல்லும் உரிமை இன்னும் சாகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு தேவையில்லை.

கணக்கில் வராத பயணம்

1948-இல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமை ஆயின. ஆனாலும் ஆபத்து நீங்கவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் தெற்குப் பகுதி சுமார் 13 மைல். அதன்மேல் வில்ம்கோட் என்ற ஊரில் இருந்த ஒரு பாலத்தை வார்விக்‌ஷயர் கவுண்டி கவுன்சில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அடியில் படகு போகும் உயரத்துக்குக் கட்டினால் செலவு அதிகம். கால்வாயையே சட்டப்படி கைவிட்டுவிட்டால் செலவு குறையும். எனவே 1958-இல் கவுன்சில் அதற்கு விண்ணப்பித்தது. மூன்று ஆண்டுகளாக இந்த வழியில் படகுகள் போகவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கால்வாய் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்த மிக வலுவான ஆயுதம் ஒரு சிறு துண்டுச் சீட்டு. துடுப்புப் படகில் அந்த வழியாகப் போன இருவர், போவதற்கு முன் முறைப்படி சுங்கம் கட்டிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். அதில் தேதி இருந்தது. அந்தத் தேதி மூன்று ஆண்டுகளுக்குள் விழுந்தது.

சுங்கத் தொகை சில காசுகள்தான். ஆனால் ஒருவர் காசு கட்ட, இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டால் அங்கே ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது. நடந்த வியாபாரத்தை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது அல்லவா? 1959-இல் அரசு கவுன்சிலின் விண்ணப்பத்தை நிராகரித்தது.

அதன்பின் நேஷனல் டிரஸ்ட் அந்தப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. டேவிட் ஹட்சிங்ஸ் என்பவர் தலைமையில் தன்னார்வலர்களும், ராணுவத்தினரும், சிறைக் கைதிகளும்கூடச் சேறு அள்ளி, இடிந்த லாக்குகளைச் சீராக்கினார்கள். 1964 ஜூலை 11 அன்று அரசியின் தாயார் அதைத் திறந்து வைத்தார். இடையில் 1962-63 கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, நேரோ போட்டுகளின் சரக்குத் தொழில் நாடெங்கும் ஏறக்குறைய முடிந்தே போயிருந்தது. சரக்கு நின்ற அதே காலத்தில் சொந்தப் படகுக்காரர்களுக்காக ஒரு கால்வாய் மீண்டும் திறந்தது!

படகை வைத்திருப்பது என்றால்

கிரெஸ்ஸிக்கு என்ன ஆனது? மரப்படகின் பலகை இடுக்குகளில் தார் தோய்த்த நாரை அடித்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு செய்தாலும் மரம் ஒருநாள் உளுத்துவிடும். 1951-இல் கிரெஸ்ஸியின் அடிப்பாகம் தேறாது என்று தெரிந்தது. ரோல்ட் கரை ஏறினார். அதே ஆண்டு, ஐக்மனுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால், தான் தொடங்கிய சங்கத்திலிருந்தே அவர் நீக்கப்பட்டார். கிரெஸ்ஸி கடைசியில் மூழ்கி முடிந்தது.

பிற்காலப் படகுகள் பெரும்பாலும் இரும்புத் தகடால் ஆனவை. அதற்கும் ஓய்வில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, பாசியைச் சுரண்டி, அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். தகட்டைத் துரு தின்னாமல் இருக்க மெக்னீசியக் கட்டிகளைப் பக்கங்களில் பொருத்துவார்கள். தகட்டுக்குப் பதிலாக அந்தக் கட்டிகள் அரிக்கப்பட்டுக் கரையும், பிறகு புதியவை வைக்க வேண்டும். இன்ஜின் தண்டு வெளியே போகும் இடத்தில் கிரீஸ் அடைத்துத் தண்ணீர் கசியாமல் பார்க்க வேண்டும். காற்றாடியில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால், அதற்கென்று உள்ள திறப்பு வழியாகக் குளிர்ந்த தண்ணீரில் கைவிட்டு எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை வடித்துவிடாவிட்டால் உறைந்து குழாய் வெடிக்கும். இவை போக இன்சூரன்ஸ், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கேஸ், மின்சாரம், இன்ஜின் ஆகியவற்றுக்கான பாதுகாப்புச் சான்றிதழ், லைசென்ஸ், படகைக் கட்டும் இடத்துக்கு வாடகை... சும்மா நின்றாலும் செலவு வைக்கும் சொத்து இது.

ரசீதின் இன்னொரு பக்கம்

அன்று கால்வாயைக் காப்பாற்றிய அதே காகிதங்கள் பிறகு ஒரு சண்டைக்கும் காரணமாயின. 1968-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், பழைய சட்டங்கள் பொதுமக்களுக்குக் கொடுத்திருந்த படகு செலுத்தும் உரிமையை நீக்கியது. பதிலுக்கு, பொழுதுபோக்குப் படகுகளுக்கென்று குறிக்கப்பட்ட கால்வாய்களை நல்ல நிலையில் வைப்பது நிர்வாகத்தின் கடமை ஆனது. 1995 சட்டத்தின்படி படகு கட்ட நிரந்தர இடம் இல்லாதவர், பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் பயணம் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

2012-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் சுமார் 2000 மைல் நீர்வழிகள் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு மாறின. 2027-க்குப் பிறகு அதற்கான அரசு மானியம் படிப்படியாகக் குறையும் என்று 2023-இல் அறிவிப்பு வந்தது. 2024 ஏப்ரல் முதல் நிரந்தர இடம் இல்லாத படகுகளுக்கு லைசென்ஸில் கூடுதல் கட்டணம் சேர்க்கப்பட்டது. வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் படகில் குடியேறியவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பழைய படகோட்டிக் குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

அறக்கட்டளையின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 200 ஆண்டுப் பழமையான லாக்குகளும் கரைகளும் தாமாகச் சரியாகிவிடாது, யாராவது பணம் கட்டியாக வேண்டும். ஆனால் கட்டணம் தாங்காமல் படகுகள் குறைந்தால், கட்டணம் கட்டும் ஆட்களும் குறைவார்கள். மிச்சம் இருப்பவர்கள்மேல் சுமை இன்னும் ஏறும். சரக்குப் படகுகள் ரயிலிடம் தோற்ற காலத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

1958-இல் அந்தக் கால்வாயை எடைபோட்டவர்கள் ஒரு பாலத்தின் செலவை மட்டும் பார்த்தார்கள். அதற்கு எதிரே வைக்க ஒரு சுங்கச் சீட்டு இருந்தது, கால்வாய் தப்பியது. அடுத்த முறை யாராவது கணக்குப் பார்க்கும்போதும் எடுத்துக் காட்டச் சீட்டுகள் இருக்க வேண்டுமானால், அதை வாங்கும் வசதியோடு படகுக்காரர்கள் தண்ணீரில் இருக்க வேண்டும்.